பவளம் வெளுத்தது என்னால் அல்ல, செல்வியாலும் அல்ல

மகனே,

இப்படி அன்பாக ஆரம்பிக்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து செங்கல்பட்டு வந்து இறங்கியதுமே பேனாவை எடுத்தேன். "சூடா இருக்கும்போது எழுதாத, ரெண்டு நாள் ஆறட்டும்" என்றார் உன் அப்பா. சரி என்று ஆறப் போட்டேன். ஆறவில்லை. நீ இதற்குள் புனேவுக்குப் போய்ச் சேர்ந்து ஆபீசுக்கும் போயிருப்பாய். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் சொன்னால் நடுவில் ஒரு ஜோக் அடிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், பேச்சு கல்யாணப் புடவைக்கோ சமையல்காரருக்கோ போய்விடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

பந்தியில் நித்யாவின் லவ் பேர்ட்ஸைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்யாணம் ஆனதும், நீ புனேயில் வீடு பார்க்கிறவரை அவள் நம் வீட்டில் இருக்கப் போகிறாள், கூண்டையும் கொண்டு வரலாமா என்று அந்தப் பெண் என்னை ஆசையாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஐயோ, எங்கம்மாகிட்ட உயிரோட எதையும் குடுத்துடாதீங்க. நான் மொதல்ல வேலைக்குப் போனப்ப ஒரு தொட்டி நிறைய பவளத்த அம்மாகிட்ட விட்டுட்டுப் போனேன். ஒரே மாசம். எல்லாம் ப்ளீச்சிங் பவுடர்ல முக்கி எடுத்த மாதிரி வெளுத்துப் போச்சு. பாதி அம்மாவோட கைங்கரியம், மீதி தண்ணி கொண்டு வர்ற மீன்காரம்மாவோட கைங்கரியம். உப்பங்கழித் தண்ணிய மொண்டு கடல் தண்ணின்னு குடுத்துடுச்சு அந்தம்மா!" பந்தியே சிரித்தது. உன் வருங்கால மாமியார் சிரித்து முடித்துவிட்டு, "அப்ப குருவிங்க இங்கயே இருக்கட்டும் நித்யா" என்றார்கள். அந்தப் பெண்ணின் முகம் சின்னதாகிப் போனது. கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "நிஜமாவா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள். உன் மானம் சபையில் போகக் கூடாதே என்று நான் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டேன். என் மானத்தைப் பற்றி உனக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைச் சொன்னாய், போகட்டும். பெற்றவளைச் சொல்ல உனக்கு உரிமை இருப்பதாக நினைத்திருப்பாய். செல்வியை ஏன் சொன்னாய்? நடந்தது என்ன என்று உனக்கு நான் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். மூன்று தரமும் நான் சொன்னதை விட்டுவிட்டு, சிரிப்பு வரும் கதையை மட்டும் நீ வைத்துக்கொண்டாய். இன்று நாலாவது தரம் சொல்கிறேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை தப்பாக வந்தால் பிள்ளையின் காதைத் திருகுவதற்கு முன்னால் எந்த வரியில் தப்பு நுழைந்தது என்று பார்ப்பது என் பழக்கம். அப்படி வரி வரியாகப் பார்ப்போம், வா.

நீ காலேஜில் படிக்கும்போது அந்தத் தொட்டி நம் கூடத்துக்கு வந்தது. அப்போதெல்லாம் மெட்ராஸ் கடைகளில் மீனோடு மீனாகப் பவளத்தையும் விற்றார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ ஒவ்வொன்றாக மடியில் வைத்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் கொண்டு வருவாய். மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒன்று, மான்கொம்பு மாதிரி கிளை விட்டது ஒன்று, பூப்போல விரிந்து சுருங்குவது ஒன்று. இவற்றுக்குச் சாப்பாடு வெளிச்சம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். பவளத்தின் நிறம் அதனுடையது இல்லை, அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசியின் நிறம், அந்தப் பாசிதான் வெளிச்சத்தில் சமைத்துப் பவளத்துக்கும் சோறு போடுகிறது, பவளத்துக்குத் தாங்க முடியாத கஷ்டம் வந்தால் பாசி வெளியேறிவிடும், பிறகு கண்ணாடி போன்ற சதை வழியாக உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும் என்றெல்லாம் நீ சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். விளக்கும் நீயே செய்தாய். ஜவுளிக்கடை போர்டுக்கு மேலே மாட்டுகிற பெரிய விளக்கின் உடம்பை வாங்கி வந்து, அதற்குள் யாரிடமோ சொல்லி வரவழைத்த மெட்டல் ஹாலைடு பல்பைப் பொருத்தி, தொட்டிக்கு மேல் சங்கிலி கட்டித் தொங்கவிட்டாய். பல்புக்குக் கீழே, விளக்கின் வாயை மூடினாற்போல ஒரு கண்ணாடித் தகடு, நாலு மூலையிலும் கிளிப். மதியம் தானாக எரிந்து, இருட்டும்போது தானாக அணைய ஒரு டைமர். பிறகு சுவரில் ஒரு அட்டையை ஒட்டினாய், 'விளக்கில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று. வேலைக்காரிக்கு மட்டுமில்லை, எனக்கும்தான் என்று வாயாலும் சொன்னாய். நான் கை வைக்கவில்லை. இதுதான் முதல் வரி.

தண்ணீருக்குச் செல்வி. மாமல்லபுரம் தாண்டிக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி இங்கே வந்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு, கடைசியாக நம் வீட்டு அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறவள். நீ கடல் தண்ணீருக்கு அலைவதைப் பார்த்துவிட்டு, "நான் எட்த்தாறேன் தம்பி, இதுக்கு ஏன் பேஜாரு படற" என்று அவளாகத்தான் ஏற்றுக்கொண்டாள். கண்டக்டர் ஒருநாள் கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னபோது, "கடலு இன்னா உங்க கம்பெனிதா? எறக்கி வுடு, நான் நடந்தே போறேன்" என்று சண்டை போட்டுவிட்டு வந்ததை நம் வீட்டில் உட்கார்ந்து நடித்துக் காட்டினாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இரண்டாயிரமாவது வருஷம் ஆயுத பூஜை. விஜயதசமி அன்று நல்ல நாள், அன்றைக்கே நீ ரயில் ஏறிப் புனேவுக்கு வேலைக்குப் போகட்டும் என்று நாள் பார்த்தவர் உன் அப்பா. பூஜைக்குத் தொட்டி விளக்குக்கும் ஓய்வு கொடுத்து டைமரை அணைத்தாய். கண்ணாடித் தகட்டில் உப்புத் திட்டு படிந்திருக்கிறது என்று கழற்றி, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாய். ஸ்க்ரூ ட்ரைவர், டெஸ்டர், கால்குலேட்டர், உன் புத்தகங்கள், அப்பாவின் பேனா, என் காம்பஸ் பெட்டி, எல்லாவற்றோடும் அந்தத் தகட்டையும் சாமி அலமாரியில் வைத்து, உன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாய். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கும் தெரியும். மறுநாள் காலையில் உனக்கு இருந்த அவசரத்தில் புத்தகத்தை எடுத்தாய், ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தாய், டைமரைப் போட்டாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மதியம் விளக்கு தானாக எரிந்தது. அப்போது நீ சென்ட்ரலில் இருந்தாய். இந்த வரியில்தான் தப்பு நுழைந்தது. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலைந்து நாளில் மான்கொம்பின் நுனிகள் வெளுத்தன. பிறகு மூளையின் உச்சி. நான் பயந்துபோய், நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்வரை காத்திராமல் எஸ்.டி.டி. போட்டேன். நீ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நீ என்னம்மா பண்ணே?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "ஒண்ணும் பண்ணாம எப்படிம்மா வெளுக்கும்? ஊதுபத்தி ஏத்தினியா? கை விட்டுத் துடைச்சியா?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டாய். நான் ஒன்று சொன்னேன், ஞாபகப்படுத்திப் பார். "டேய், மேல் பக்கம் மட்டும்தான்டா வெளுத்திருக்கு. பாறைக்கு அடியில நிழல்ல இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு" என்றேன். அதில்தான் விடை இருந்தது. வெளிச்சம் படும் இடம் கெட்டிருக்கிறது, படாத இடம் நன்றாக இருக்கிறது என்றால் குற்றம் எங்கே என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நீ இன்ஜினியர். "உனக்குத் தெரியாதும்மா. கரண்ட் பில்லுக்குப் பயந்து லைட்டை சீக்கிரம் அணைச்சிருப்ப, வெளிச்சம் பத்தாம வெளுக்குது. இன்னும் ரெண்டு மணி நேரம் கூட்டி வை" என்று உத்தரவு போட்டாய். கரண்ட் பில்லுக்குப் பயந்தேனாம்! உன் தொட்டிக்காக இந்த வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், அது பயமில்லை, பாசம். ஆனாலும் நீ சொன்னாயே என்று டைமரைத் திருப்பி வைத்தேன். இரவு சாப்பாட்டு நேரம்வரை விளக்கு எரிந்தது. பவளம் இன்னும் வேகமாக வெளுத்தது.

அடுத்த ஃபோனில் உன் சந்தேகம் தண்ணீர் மேல் திரும்பியது. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, முட்டுக்காடு பக்கம் கழியில் மொண்டிருப்பாள், உப்புக் குறைந்திருக்கும் என்றாய். அந்த நேரம் பார்த்துச் செல்வி கூடையோடு உள்ளே வந்தாள். "அவங்ககிட்ட குடு ஃபோன" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நீதான் கூப்பிட்டுப் பேசுகிறாய் என்று சந்தோஷமாக ரிசீவரை வாங்கினாள். நீ என்ன கேட்டாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். பிறகு அவள் பேசியது மட்டும் கேட்டது.

"இன்னா தம்பி பேசிகினு கீற? கழித் தண்ணிய மொண்டாந்து ஏமாத்திட்டேன்றியா? எங்க ஊட்டுக்காரு அலை தாண்டிப் போயி, போட்டு மேல நின்னுகினு மொண்டு தராரு. கரையாண்ட மொண்டா கலங்கலு வரும்னு எனுக்குத் தெரியாதா? மழ பேஞ்ச அன்னிக்கு நான் கேனையே தூக்கல, உங்கம்மாவக் கேளு. ஊத்தறதுக்கு முன்ன நாக்குல வச்சுப் பாத்துட்டுதான் தருவேன். உன் சாமான வளக்கறதுக்கு என் தலைல செமந்துகினு வந்தேன் பாரு, எனுக்கு வேணும்."

ரிசீவரை என் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். காபி ஆறிப்போய் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் அவள் நம் தெருவுக்கு வரவில்லை. நான் ஃபோனை எடுத்து, அவளை ஏன்டா அப்படிக் கேட்டாய் என்றபோது, "கேக்கறதுல என்னம்மா தப்பு?" என்றாய். கேட்பதில் தப்பில்லை. நீ கேட்கவில்லையே, தீர்ப்புச் சொல்லிவிட்டல்லவா கேட்டாய்.

இதற்கிடையில் உன் அப்பாவுக்குக் கண் வலி வந்தது. தினமும் ராத்திரி ஆனால் கண் சிவந்து, மணலை வாரிப் போட்டது மாதிரி உறுத்தல், தண்ணீராகக் கொட்டல். மெட்ராஸ் ஐ என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார், ஏதோ கட்சி மாநாட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே வைத்துவிட்டு ஓடினார். எதிர் வீட்டில் பிள்ளைகளை நம் பக்கம் அனுப்பவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. மெட்ராஸ் ஐ ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றாமல் போகாது. அவர் துண்டைத்தான் நான் துவைக்கிறேன், அவர் தலையணையைத்தான் தட்டிப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. பீளையும் இல்லை. காலையில் ஓரளவு சரியாகிவிடும், மறுபடி ராத்திரி வந்துவிடும். தீபாவளிக்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ் ஐ மாதிரி இல்லையே சார். வெல்டிங் எதாவது பாத்தீங்களா?" என்றார்கள். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ரயில்வேல பார்சல் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவன்மா. வெல்டிங்க நான் போட்டோலகூடப் பாத்ததில்ல" என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தினமும் சாயங்காலம் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது எங்கே? உன் தொட்டிக்குப் பக்கத்தில், அந்த விளக்கு வெளிச்சத்தில். நீ இரண்டு மணி நேரம் கூட்டச் சொன்ன பிறகு, ராத்திரிவரை.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடவையாக உன் அட்டையை மீறினேன். விளக்கை அணைத்து, சூடு ஆறியதும் முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் கிளிப் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. பல்பு அப்படியே அம்மணமாகத் தெரிந்தது. தகடு எங்கே போனது? வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் சாமிக்கு விளக்கேற்றப் போனபோது பார்த்தேன். சரஸ்வதி படத்தில் சந்தனப் பொட்டு இரண்டு வரிசையாகத் தெரிந்தது. ஒரு வரிசை படத்தின் கண்ணாடி மேல். இன்னொரு வரிசை அதற்கு முன்னால், காற்றில் ஒட்டியது மாதிரி. உன் தகடு அந்தப் படத்தின் மேல் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தது. படத்துக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பொட்டு என்று எல்லாம் பொருந்திப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. அதன் மேலேயே தினமும் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் நான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றையும் விட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அந்தத் தகடு வெறும் தூசி மறைப்பு இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்தப் பல்பிலிருந்து வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிரும் வரும், வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைச் சுடுவதும் அதுதான், கண்ணாடி இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடி இல்லாத வெளிச்சம் பவளத்தையும் சுட்டது, உன் அப்பாவின் கண்ணையும் சுட்டது. அன்றே உனக்கு ஃபோன் செய்தேன். "தகடா? அதெல்லாம் நான் மாட்டிட்டுத்தான் வந்தேன். நீ எடுத்திருப்ப" என்று வைத்துவிட்டாய். அது முதல் தரம். உன் கைரேகையோடு சந்தனம் அதில் காய்ந்திருக்கிறது, நான் எடுத்திருப்பேனாம். எனக்கு வந்த கோபத்தில், அந்தத் தகட்டை வைத்தவனே வந்து எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்குப் போய் அதே அளவில் சூடு தாங்குகிற வேறு தகடு வெட்டி வாங்கி மாட்டினேன்.

பிறகு அவற்றை எப்படிப் பிழைக்க வைத்தேன் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். அதற்குத் திடீரென்று வெளிச்சம் கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. அதனால் முதலில் சில நாள் விளக்கே போடவில்லை, ஜன்னல் வெளிச்சத்தோடு சரி. அதன் பிறகு நம் பழைய கொசுவலையைப் பல மடிப்பாக மடித்துத் தொட்டி மேல் விரித்து, அதற்கு மேல் விளக்கைக் கொஞ்ச நேரம் மட்டும் எரியவிட்டேன். வாரத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்தேன். இறாலை அரைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து அதன் வாயருகே விட்டேன். மான்கொம்பு போய்விட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை, அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். ஆனால் மூளையின் அடிப்பக்கம் மிச்சமிருந்த பழுப்பு மெல்ல மேலே ஏறி வந்தது. மார்கழியில் ஒருநாள் பூப்பவளம் விரிந்தபோது நானும் உன் அப்பாவும் அதன் முன்னால் நின்று காபி குடித்தோம். அடுத்த வருஷம் பவளத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, முறையாகச் சொல்லி ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு ஒப்படைத்தோமே, அவை உயிரோடுதான் போயின. எல்லாம் வெளுத்துச் செத்தது என்று நீ சொல்லும் கதையில் இதுவும் பொய்.

தகடு கிடைத்த மறுநாளே நான் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். செல்வி வலைக்குப் பக்கத்தில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரப் பலகை போட்டாள், டீ வாங்கிவரச் சொன்னாள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை, என் பிள்ளைதான் கண்ணாடியை மாட்டாமல் போய்விட்டான் என்று முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றம்மா. நீ நல்லவ, அது எனுக்குத் தெரியும். ஆனா கேட்டது நீ இல்லியே. ஒன் புள்ள கேட்டான். அவன் வாயால சொல்லட்டும், செல்வி தண்ணி நல்ல தண்ணின்னு. அதுவரிக்கும் கேனு கொண்டாந்து கேட்டாண்ட வச்சுடறேன், பாவம் அதுங்க இன்னா பண்ணுச்சு. வூட்டுக்குள்ள மட்டும் கூப்டாத."

அன்றிலிருந்து இன்றுவரை அவள் நம் வாசற்படி ஏறவில்லை. பவளம் போன பிறகும் மீன் கொண்டு வருகிறாள், கேட்டில் நின்றே கொடுக்கிறாள். காபி என்றால், "வெயிலா கீதும்மா, வேணாம்" என்கிறாள். மழை பெய்தாலும் அதையேதான் சொல்கிறாள். அடுக்களையில் அவள் முக்காலியை நான் வேறு யாருக்கும் போடுவதில்லை. தகடு கிடைத்த பிறகு வந்த பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமி அலமாரியைக் காட்டினேன். அது இரண்டாம் தரம். பார்த்தாய். உன் காது மடல் சிவந்ததை நானும் பார்த்தேன். உடனே, "அப்ப சரஸ்வதிதான் குற்றவாளி" என்று சிரித்துக்கொண்டே சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விட்டாய். தகட்டை எடுக்கவில்லை. மறுவருஷம், செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாடா, மாமல்லபுரம்வரைக்கும்தானே என்றேன், அது மூன்றாம் தரம். அடுத்த தடவை என்றாய். அதற்குப் பிறகு உன் சிநேகிதர்களோடு மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தடவை போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்தக் குப்பம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

நீ கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம். தகட்டை மறந்தது தப்பே இல்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் யாரும் மறப்பார்கள். அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். எதுவும் கெட்டுப் போனால் பக்கத்தில் நிற்கிற பெண் பிள்ளை ஏதோ செய்துவிட்டாள் என்று உன் வாய் முதலில் போகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து உன் பக்கத்தில் நித்யா நிற்கப் போகிறாள். உன் வீட்டிலும் மிக்ஸி புகையும், குழாய் ஒழுகும், குழந்தைக்கு ஜுரம் வரும். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவளைப் பார்த்து, "நீ என்ன பண்ணே?" என்று கேட்பாயோ என்பதுதான் என் கவலை. அவள் என்னை மாதிரி கடிதம் எழுதமாட்டாள். செல்வி மாதிரி சத்தமில்லாமல் ஒரு படி கீழே இறங்கி நின்றுவிடுவாள். நீ கவனிக்கக்கூட மாட்டாய். பெற்றவளுக்கு ஒரு ஆசை உண்டென்றால், உன் வீட்டில் யாரும் அப்படி நிற்கக் கூடாது என்பதுதான். தொட்டிக்கும் இதைத்தான் சொல்வேன், வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். வெளுத்ததைப் பார்த்ததும் ஆளைத் தேடாதே. எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பார்.

இதையெல்லாம் நான் நித்யாவிடம் சொல்லப் போவதில்லை. உன் அப்பாவும் சொல்லமாட்டார், நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பத்திரிகை அச்சாகி வந்ததும் நீ ஊருக்கு வருவாய் இல்லையா, முதல் பத்திரிகையைச் சாமி அலமாரியில் வைப்போம். அப்போது சரஸ்வதிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தகட்டை உன் கையால் எடு. ஒவ்வொரு வருஷமும் சுற்றித் துடைக்கிறேனே தவிர, நீ வைத்த பொட்டை நான் அழிக்கவில்லை. அதை நித்யாவின் கையில் கொடுத்து, இது என்ன என்று நீயே சொல். கூண்டோடு வரச் சொல்லு அந்தப் பெண்ணை.

இரண்டாவது பத்திரிகைக்கு நான் மஞ்சள் தடவி, செல்வி பேரும் அவள் வீட்டுக்காரர் பேரும் எழுதி வைப்பேன். தபாலில் போட மாட்டேன், நானும் கொண்டு போக மாட்டேன். நித்யாவையும் கூட்டிக்கொண்டு நீ போ. குப்பத்தில் செல்வி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். ஜோக் அடிக்காதே. உன் தண்ணி நல்ல தண்ணி, தப்பு என்னுடையது என்று அந்த இரண்டு வார்த்தையைச் சொல். அவள் உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிடு. கூப்பிடாவிட்டால் உடனே திரும்பிவிடாதே. ஆறு வருஷமாக அவள் நம் கேட்டில் நிற்கிறாள். நீ வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் நில்.

அம்மா